செல்வராணி விரட்டாத பிள்ளைகள்

ஆமத்தூரில் பேருந்துக்கு நின்றிருந்தபோது எங்கள் மையத்துச் செவிலியர் போனில் அழைத்தார். “சார், செல்வராணி அக்கா போயிட்டாக. நெஞ்சு வலின்னாகளாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள...” வந்து நின்ற பேருந்தில் நான் ஏறவில்லை.

விருதுநகரில், போதைப் பழக்கத்தில் சிக்கிய பிள்ளைகளுக்கான சிகிச்சை மையத்தில் அவரும் நானும் மனநல ஆலோசகர்கள். ஒரே அறை. அவருடன் வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. மாரியின் கதையைச் சொன்னால் உங்களுக்கும் அது புரியும். பெயரை மாற்றியிருக்கிறேன், சொல்லச் சம்மதித்தவன் அவனே.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை விபத்தில் தாயை இழந்தவன். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கண்ணெதிரே நடந்தது. பிறகு பஞ்சர் ஒட்டும் பசையை முகர ஆரம்பித்தான். அப்பா அவனை இழுத்துவந்து, “இவனை எங்கனயாவது அடைச்சுப் போடுங்கம்மா. அடிச்சும் பாத்துட்டேன்,” என்றார். செல்வராணி அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் கேட்டார்: “அது ஒனக்கு என்ன செய்யுதுன்னு மட்டும் சொல்லு.”

பல வாரம் அவன் வாய் திறக்கவில்லை. ஒருநாள் சொன்னான்: “அதை மோந்தாத்தான் அந்த வெடிமருந்து வாடை வராதுக்கா.”

தீபாவளி நெருங்கி, தெருவில் வெடிச்சத்தம் தொடங்கியதும் மறுபடி முகர்ந்துவிட்டான். அப்படிச் செய்தவர்களை வெளியே அனுப்புவது அன்று மையத்தின் விதி. முதலில் பழக்கத்தை விடட்டும், துயரத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள் நிர்வாகத்தினர். ஊழியர் கூட்டத்தில் செல்வராணி எழுந்தார். “காய்ச்சல் திரும்ப வந்துட்டுன்னு நோயாளியை வெரட்டுவாகளா? இவனை அனுப்புனா என்னையும் சேத்து அனுப்புங்க.”

மாரி தங்கினான். பின்னாளில் விதியே மாறியது. பழக்கத்தையும் துயரத்தையும் அவர் சேர்த்தே பார்த்தார். விபத்து நடந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைத்தார். வாடை நினைவில் ஏறும்போது மூச்சை நிதானப்படுத்தப் பழக்கினார். அப்பாவுக்கும் தனியே நேரம் ஒதுக்கினார். மனைவியை இழந்த அந்த மனிதரிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. முதல் நாள் அவர் அழுத சத்தம் வராந்தா வரை கேட்டது. மாரி இடையிடையே சறுக்கினான். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தான். இன்று ஓர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறான்.

செல்வராணியின் இறுதி ஊர்வலத்தில் உறவினர்கள் வழக்கப்படி வேட்டுப் போட்டார்கள். நான் பதறி மாரியைத் தேடினேன். அப்பா அவன் தோளைப் பிடித்திருந்தார். “கொஞ்சம் தள்ளிப் போவோமாலே?” என்றேன். மூச்சை இழுத்து மெதுவாக விட்டான். “இருக்கட்டும் சார். அக்கா கூடவே வாரேன்.” கடைசி வரை நடந்தான்.

சறுக்கித் திரும்பும் பிள்ளையிடம் ‘ஏன் செஞ்ச?’ என்று செல்வராணி கேட்டதே இல்லை. “வந்துட்டேல்ல, உக்காரு,” என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சொல்தான். நேற்று ஒரு பெண்பிள்ளை உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றாள். அதையே சொன்னேன். உட்கார்ந்தாள்.