ஜபருல்லா எரித்த மோட்டார்

சுற்றி வார்னிஷ் பூசிய மோட்டார் காயிலில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடுகிறார் ஜபருல்லா. பிறகு மூக்கை நுழைத்து முகர்கிறார். காரமடையிலிருந்து வண்டி கட்டி வந்த விவசாயி வாசலில் நிலைகொள்ளாமல் நிற்கிறார்.

"உள்ளார இன்னும் ஈரம் இருக்குதுங்க. நாளைக்கு வாங்க."

வந்தவர் தொட்டுப் பார்க்கிறார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. கோபித்துக்கொள்கிறார். ஜபருல்லா வாதாடுவதில்லை. காப்பி வாங்கிக் கொடுத்து, வண்டி வரை கூடவே நடந்து வழியனுப்பிவிட்டு வருகிறார்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் இவருடைய பட்டறையைக் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். மெலிந்த ஆள், சட்டையெல்லாம் வார்னிஷ் வாடை. மோட்டார்களுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "இவரு பல்லடத்துக்காரருங்க. தண்ணியில்லாத கெணத்துல ஓட உட்டிருக்காங்க, பாவம்" என்று ஒன்றைத் தட்டிக் கொடுப்பார்.

அப்போது நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்து, கிணறுகளில் மோட்டார் மாட்டத் தொடங்கிய புதிது. அதுவரை பூட்டும் சைக்கிளும் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜபருல்லா, ஒரு மில்லில் காயில் சுற்றுவதை வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதாக நினைத்தார். சூலூர்ப் பக்கம் தனியாக விவசாயம் பார்த்துவந்த குழந்தையம்மாளின் மோட்டார் மழையில் நனைந்து கெட்டுப்போனபோது, பொங்கலுக்கு முன்னே தண்ணீர் பாயும் என்று சந்தையில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார்.

மார்கழிப் பனி. பூசிய வார்னிஷ் மேலே மட்டும் உலர்ந்து பளபளத்தது. சொன்ன சொல் தவறக்கூடாதென்ற வீம்பில் மாட்டிவிட்டுத் திரும்பினார். பொங்கல் கழிவதற்குள் மோட்டாரிலிருந்து புகை கிளம்பிவிட்டது. பருத்தி காய்பிடிக்கும் சமயம். சேதி கிடைத்து ஓடியபோது மேற்குக் காட்டில் தண்ணீரின்றிப் பருத்திப் பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. கிணற்று மேட்டில் குழந்தையம்மாள் எருதுகளைப் பூட்டிக் கவலையேற்றம் ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் வந்தபின்னும் எருதுகளை விற்காததற்கு ஊரார் சிரித்ததுண்டு. அவைதான் இப்போது தோல்பறியில் தண்ணீர் இழுத்து மீதிக் காட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

குழந்தையம்மாளின் கொழுந்தன் அங்கப்பன், டவுனில் வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சத்தம் போட்டார். குழந்தையம்மாள் வடத்தை விடாமலே சொன்னார்:

"வேற ஆளு வந்தா அவரும் ஒருக்கா எரிச்சுத்தானே படிக்கோணும்? இவரு எரிச்சு முடிச்சுட்டாரு. ஏனுங்க பாய், எடுத்துக்கிட்டுப் போயி, எதுக்கு எரிஞ்சுதுன்னு பாத்துப்போட்டு வாங்க. அதுவரைக்கும் எருதுக இழுக்கும்."

எரிந்த காயிலை யாரும் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஜபருல்லா சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கருகலின் அடியில், பனி ஈரம் ஒளிந்திருந்த இடம் தெரிந்தது. அவசரத்தில் அங்கே கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் வைக்கும் காகிதத்தையும் கிழித்திருந்தார். மறுபடி சுற்றினார். இரும்புப் பீப்பாயில் கரி மூட்டி, இதமான சூட்டில் உலர்த்தினார். சொன்ன நாளில் கூட்டிக்கொண்டு போக வந்த அங்கப்பனை, இன்னும் ஈரம் இருக்கிறதென்று வெறுங்கையோடு திருப்பியனுப்பினார். தன் வாழ்க்கையில் சொன்ன நாளை முதன்முதலாகத் தவறவிட்டு, அதற்காக வெட்கப்படாமல் இருந்தார். அந்த மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அவிநாசியிலிருந்தும் கோபிசெட்டிபாளையத்திலிருந்தும் இங்கே வண்டிகள் வருகின்றன.

பெரிய மெக்கானிக் என்று யாராவது புகழ்ந்தால் ஜபருல்லாவுக்குக் காது சிவந்துவிடும். "மில்லுல பாத்தது பாதிப் படிப்புங்க. மீதியப் படிக்க அந்த அக்கா மோட்டாரு குடுத்தாங்க" என்பார். கூடவே, அல்லா அவருக்கு நிறைய மழை கொடுக்கட்டும் என்று வேண்டிக்கொள்வார். அப்படிப் பெய்தால் உங்கள் தொழில் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, பெய்யட்டுங்க என்று சிரித்தார்.

கோடை தொடங்கும் முன் சூலூர் போய் அந்த மோட்டாரைப் பார்த்துவருவது அவர் வழக்கம். இந்த மாசியிலும் போனார். குழந்தையம்மாள் மோட்டார்க் கொட்டகையின் கதவைத் திறந்துவைத்திருந்தார். ஜபருல்லா நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போய், கொண்டுவந்திருந்த பருத்திக்கொட்டையைத் தொட்டியில் கொட்டினார். அன்றைக்குத் தண்ணீர் இழுத்த கிழட்டு எருது இரண்டும் தின்று முடிக்கும்வரை, நுகம் தேய்த்துக் காய்ப்பேறிய அவற்றின் கழுத்தை மாறி மாறி நீவிக்கொண்டு நின்றார்.