ஜோசலினுக்காக ஒரு பஸ் நிறைய ஆள்

ஆம்புரோஸிடம் யாராவது எதிரே நின்று ஒன்றைக் கேட்டுவிட்டால் அந்த மனிதருக்கு மறுக்கத் தெரியாது. ஏணி கேட்டாலும், அரைநாள் உழைப்பைக் கேட்டாலும், அவருடைய சொந்தத் தலையணையைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "சரி லா." நான் பாரோயில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி. கேட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் அனுபவத்தில் சொல்கிறேன்.

செண்டாயான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்று டவுன் கட்ட வந்தபோது, லயத்து வீடுகளை இடித்த பலகையையும் தகரத்தையும் அள்ளிப் போக லாரி ஓட்ட ஆள் தேடினார்கள். அந்தத் தோட்டத்தில் லாரி லைசென்ஸ் வைத்திருந்த இளைஞர் இவர்தான். "சரி லா" என்றார். தான் பிறந்த வீட்டைத் தானே குப்பை மேட்டில் கொட்டிவிட்டு, சாயங்காலம் லாரியைக் கழுவி ஒப்படைத்தவர். அதற்காக அவரை யாரும் திட்டவில்லை. அவரைத் திட்டினால் திட்டியவருக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

பிறகு செனாவாங்கில் பேக்டரி பஸ் ஓட்ட வந்தார். ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற பஸ் காத்திருக்காது என்பது ஊரறிந்த விஷயம். ஆம்புரோஸின் பஸ் காத்திருக்கும். ஒருத்தி புருவம் தீட்டி முடிக்கும்வரை, இன்னொருத்தி செருப்பைத் தேடி எடுக்கும்வரை, அப்படியே நிற்கும். சூப்பர்வைசர்கள் கத்துவார்கள். இவர் கேட்டுக்கொள்வார். இத்தனை வருடத்தில் ஒருவரையும் விட்டுவிட்டு வண்டியை எடுத்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. தினமும் கடைசியாக ஓடிவந்து ஏறிய விக்டோரியாவைத்தான் கல்யாணமும் செய்துகொண்டார். காத்திருந்தது வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நெடுநாள் கழித்து ஜோசலின் பிறந்தாள். வாயாடி. நான் கோலம் போட்டால் வாசலில் நின்று கோடு கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒன்பது வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, சரியாயிற்று என்றார்கள், திரும்பவும் வந்தது. பதினொரு வயதில், இனி செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா தாய் தகப்பனை உட்காரவைத்துச் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஆள் வந்து மாளவில்லை. நம் சனங்களுக்கு நோயாளி என்றால் தனி உற்சாகம். மால்ட் டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக வருவார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து "ஐயோ, எப்படி இருந்த புள்ள" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். ஒரு மூச்சு அழுதுவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, பப்பாளி இலைச் சாறு முதல் ஆமை ரத்தம் வரைக்கும் மருந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஜோசலின் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "ஆண்டி, இவங்க எல்லாம் சிரிக்கிறதுக்கு எங்க போவாங்க?"

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒருநாள் அப்பாவிடம் சொன்னாள்.

"டேடி, நான் வாயிலேர்ந்து பொகை விடணும்."

ஆம்புரோஸ் வழக்கம்போல் "சரி லா" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் திடுக்கிட்டார். சிகரெட் இல்லையாம். வீடியோவில் குளிர்நாட்டுப் பிள்ளைகள் மூச்சு விட்டால் வெள்ளையாக வருகிறதே, அது. கேமரன் மலையில் விடியற்காலையில் அப்படி வரும் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். பாரோய் வெயிலில் போடவே முடியாத ஒரு சிவப்பு ஸ்வெட்டரையும் மடித்துத் தயாராக வைத்திருந்தாள்.

டாக்டரம்மா இரண்டு நாள் அனுமதி தந்தார். மறுநாள் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும். "ஆசைப்பட்டதைச் செய்யுங்க. ஆனா கூட்டம் வேணாம். பக்கத்துல யாராவது இருமினாலே இவளுக்கு ஆபத்து. குடும்பம் மட்டும் போங்க" என்றார்.

பாவம், அந்த டாக்டரம்மாவுக்கு நம்மைப் பற்றித் தெரியவில்லை. குடும்பம் என்றால் மூன்று பேர் என்று நினைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ஆம்புரோஸின் அக்கா பிலோமினா விஷயத்தைப் பிடுங்கிவிட்டார். பிலோமினாக்கா தாராளமானவர், முக்கியமாக அடுத்தவர் விஷயத்தில்.

"தம்பி, பேமிலி ட்ரிப்புன்னு சொல்ற, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. நாங்க என்ன ரோட்டுல கெடந்தவங்களா?"

"அப்படி இல்லக்கா, டாக்டர்..."

"கூட்டம் வேணாம்னுதானே டாக்டர் சொன்னாங்க. நாம என்ன கூட்டமா? நாம சொந்தம் லா."

"சரிக்கா."

தீர்ந்தது. மூன்று பேர் காரில் போகவேண்டிய பயணத்துக்கு அந்த வாரமே பஸ் ஏற்பாடாயிற்று. பேக்டரி பஸ் முதலாளி, பிள்ளைக்காக என்று இரண்டு நாளைக்கு வண்டியைச் சும்மா கொடுத்தார். ஓட்டுவது யார்? ஆம்புரோஸ்தான். தன் பிள்ளையின் ஆசைப் பயணத்துக்குத் தானே சம்பளமில்லா டிரைவர். கொழுந்தனார், ஓரகத்தி, ஞானத்தாய், ஞானத்தகப்பன், அவர்களுடைய வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி, எல்லாரும் ஏறினார்கள். இரண்டு சீட் காலியாக இருக்கிறது, வீணாகப் போகக்கூடாது என்று பிலோமினாக்கா என்னையும் கூப்பிட்டார். நான் குடும்பமும் இல்லை, கிறிஸ்தவளும் இல்லை. ஆனால் கேமரன் மலையைப் பார்த்ததில்லை. ஏறிவிட்டேன்.

பயணத்தன்று காலை, பிலோமினாவின் வீட்டுக்காரர் மார்கஸ் ஒரு பெரிய பையோடு வந்தார். உள்ளே எல்லாருக்கும் டீசட்டை. குடும்பத்தோடு எங்கே போனாலும் ஒரே நிறத்தில் டீசட்டை அடிக்காவிட்டால் நம்மவர்களுக்குப் போன மாதிரியே இருக்காது. மார்கஸ் வழக்கமாகப் போகிற கடையிலேயே கொடுத்திருக்கிறார். அவர் வழக்கமாக அந்தக் கடைக்குப் போவது இரண்டே காரியத்துக்கு: ஒன்று குடும்ப விழா, இன்னொன்று சாவு வீட்டுக்கு நினைவு அட்டை. கடைக்காரன் பிள்ளையின் படத்தைப் பார்த்தான், மொட்டைத் தலையைப் பார்த்தான், சிலுவை வேண்டும் என்று மார்கஸ் சொன்னதைக் கேட்டான். அவனாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஜோசலின் படம், சுற்றிலும் மேகம், மேலே சிலுவை, ஒரு வெள்ளைப் புறா, கீழே இரண்டு மெழுகுவர்த்தி, "எங்கள் அன்பு ஜோசலின்".

மார்கஸ் அதைப் பெருமையாக விரித்துக் காட்டினார்.

"மெழுகுவர்த்தி நல்லாத்தான இருக்கு?" என்றார் மார்கஸ்.

"சரி லா" என்றார் ஆம்புரோஸ். அவர் குரல் எனக்குக் கேட்கவே இல்லை, உதட்டைத்தான் பார்த்தேன். எல்லாரும் மாட்டிக்கொண்டோம். காசு போட்டு அடித்ததை என்ன செய்வது? ஜோசலின் மட்டும் மாட்டவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முகக்கவசத்தோடு உட்கார்ந்து, தன் முகம் ஒவ்வொன்றாக ஏறிவந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் புறப்பட்டது. ஜெபமாலை முடிந்து பாட்டு, பாட்டு முடிந்து முறுக்கு. பிலோமினாக்கா இருமினார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆம்புரோஸ் ஏசியைக் குறைத்தார். பின்னால் இருந்தவர்கள் புழுங்குகிறது என்றார்கள். கூட்டினார். நெடுஞ்சாலையில் கண்ணில் பட்ட ஓய்விடத்தில் எல்லாம் யாரோ ஒருவருக்கு அவசரம் வந்தது. ஒருவருக்கு வந்தால் எல்லாரும் இறங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

அப்படி ஓர் ஓய்விடத்தில் விக்டோரியா ஜோசலினைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, காற்றாட ஓரமாக நிறுத்தியிருந்தாள். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு மலாய் அம்மா எங்கள் சட்டைகளைப் பார்த்தார். கண் கலங்கி நேரே வந்து, விக்டோரியாவின் கையைப் பிடித்து, "தக்சியா" என்றார். துக்க வீட்டில் சொல்கிற ஆறுதல் சொல். பக்கத்தில் நின்ற பிலோமினாக்கா, யார் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறவர் ஆயிற்றே, "தெரிமா காசே" என்று நன்றி சொன்னார்.

"மம்மி, நான் இன்னும் இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லு" என்றாள் ஜோசலின்.

எனக்கு அந்தச் சட்டையை அங்கேயே கழற்றி எறிய வேண்டும்போல இருந்தது. மாற்றுச் சட்டை பஸ்ஸின் அடியில் பெட்டிக்குள் இருந்தது. ஆம்புரோஸ் மகளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சீட்டில் உட்காரவைத்தார். யாரையும் திட்டவில்லை. வழக்கம்போல எல்லாரும் ஏறும்வரை காத்திருந்தார்.

மலையடிவாரத்துத் தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மலை ஏற வேண்டும். ஆனால் தாப்பாவில் சவரிமுத்துச் சித்தப்பா இருக்கிறார். அவரைப் பார்க்காமல் போனால் நாளைக்கு யார் பேச்சுக் கேட்பது? அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. எல்லாரும் இறங்கினோம். ஜோசலினுக்கு இறங்கத் தெம்பில்லை. தாயும் மகளும் பஸ்ஸிலேயே இருந்தார்கள். நாங்கள் சாப்பிட்டோம். ஆட்டுக்கறி நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாடு முடிந்ததும் பிலோமினாக்கா விரலைச் சூப்பிக்கொண்டே அறிவித்தார்.

"தம்பி, இப்ப மேல ஏற வேணாம். மழை வரும், வளைவு ஜாஸ்தி, எனக்குத் தலை சுத்தும். இன்னைக்கு இங்கேயே படுத்துக்குவோம். புள்ளைக்குச் சேர்ந்து ஒரு பெரிய ஜெபம் வைப்போம். நாளைக்குக் காலையில சாப்ட்டுட்டு மேல போய், ஸ்ட்ராபெரி வாங்கிட்டு, அப்படியே இறங்கிருவோம்."

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நாளைக் காலை சாப்பிட்டுவிட்டு ஏறினால் மலையில் வெயில் வந்திருக்கும். வாயிலிருந்து புகையும் வராது, ஒன்றும் வராது. மாலைக்குள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியாக வேண்டும். இன்னொரு முறை அனுமதி கிடைக்கும்வரை அந்தப் பிள்ளை இருப்பாளா என்று யாருக்குத் தெரியும்? எனக்கு இதெல்லாம் புரிந்தது. ஆம்புரோஸுக்கும் புரிந்தது என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"சரிக்கா" என்றார். "பஸ்ஸு வெயில்ல நிக்குது. நெழல்ல போட்டுட்டு வர்றேன்."

கை கழுவிக்கொண்டிருந்த நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆம்புரோஸ் ஏறினார். கதவு சாத்தியது. பஸ் சந்துமுனையில் இருந்த மாமரத்தைத் தாண்டியது, கோயில் அரசமரத்தைத் தாண்டியது, பெரிய ரோட்டில் திரும்பியது.

சவரிமுத்துச் சித்தப்பா வாசலில் வந்து நின்று பார்த்தார். "நெழலத் தேடி மலைக்கேவா போறான்?" என்று கேட்டார்.

எல்லாரும் ரோட்டுக்கு ஓடினோம். ஒரே முகம் போட்ட நாற்பது சட்டைகள் தாப்பா ரோட்டோரத்தில் கையை ஆட்டி நின்றதைப் பார்த்து, ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். போன் எடுபடவில்லை. சற்று நேரம் கழித்து விக்டோரியாவிடமிருந்து குரல் செய்தி வந்தது: "அவரு நாளைக்கு மத்தியானம் வந்து ஏத்திக்குவாரு."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சட்டை நுனியை வாயில் வைத்துக்கொண்டேன். ஒற்றைக் குளியலறை வைத்த வீட்டில் நாற்பது பேர், பெட்டிகள் எல்லாம் பஸ்ஸில். பெரிய ஜெபம் நடந்தது. ஆனால் அதில் ஜோசலினின் பெயரைவிட ஆம்புரோஸின் பெயர்தான் அதிகம் அடிபட்டது. "சொந்தத்த நடுரோட்டுல விட்டவன் உருப்படுவானா?" என்று பிலோமினாக்கா இருமலுக்கு நடுவே கேட்டார். அந்த இருமல் மலை ஏறாமல் அந்த வீட்டோடு நின்றதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சொன்னபடி பஸ் வந்தது. கதவு திறந்தது. "ஏறுங்க" என்றார் ஆம்புரோஸ். வசை பொழிந்துகொண்டே ஏறினார்கள். ஏறாமல் எப்படி வீட்டுக்குப் போவது? ஜோசலின் சிவப்பு ஸ்வெட்டருக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிலோமினாக்கா அன்றிலிருந்து தம்பியோடு பேசவில்லை. அந்த வீட்டுக்கு அது பெரிய நிம்மதி.

ஒன்றரை மாதத்தில் ஜோசலின் போய்விட்டாள். அடக்கத்துக்கு அதே கூட்டம் வந்தது. மார்கஸுக்குப் புதிதாகச் சட்டை அடிக்கவேண்டிய செலவு மிச்சம். மலை உச்சியில் பிள்ளை புகை விடுகிற படம் இருந்தால் கொடுங்கள், அட்டைக்கு நன்றாக இருக்கும் என்று கேட்டார். படம் எடுக்கவில்லை என்றாள் விக்டோரியா. "அவ்ளோ தூரம் போயி ஒரு படம்கூடவா எடுக்கல?" என்று எல்லாருக்கும் ஆச்சரியம்.

அன்று மலையில் என்ன நடந்தது என்பதை விக்டோரியா பிறகுதான் எனக்குச் சொன்னாள். விடியுமுன் மூன்று பேரும் அறைக்கு வெளியே வந்து நின்றார்களாம். நல்ல குளிராம். ஜோசலின் ஊதியிருக்கிறாள். வரவில்லை. திரும்பவும் ஊதியிருக்கிறாள். குளிர் போதும், அவளிடம் மூச்சுத்தான் போதவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "டேடி, நீ ஊது. நான் பாக்குறேன்" என்றாளாம்.

ஆம்புரோஸ் ஊதினார். அவர் வாயிலிருந்து வெள்ளையாக வந்தது. அவள் சிரித்தாள். இன்னும் என்றாள். அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, வெயில் ஏறிப் புகை நின்றுபோகும்வரை, அவர் அவளுக்காக ஊதிக்கொண்டே இருந்தாராம்.