மூடி அண்ணன்

வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்: "நாலு கால் ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

நாய் என்றால் எத்தனை, பூனை என்றால் இப்போது எந்த அறையில், கதவைத் தாழ் போட்டாயிற்றா. பதில் வரும்வரை கருவிப் பை அவர் தோளை விட்டு இறங்காது. "இங்கதாண்ணே, எங்கயாவது சுத்திட்டிருக்கும்" என்று யாராவது சொன்னால், "எங்கயாவதுங்கறது ஒரு இடம் இல்லம்மா. கண்ணுல காட்டுங்க" என்பார். ஒருமுறை என் பூனை அலமாரி மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. முக்கால் மணி நேரம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்துக்கும் சுற்றியுள்ள தெருக்களுக்கும் அவர்தான் பிளம்பர். வயது ஐம்பத்தெட்டு. ஈரத் தரையில் மண்டியிட வேண்டும் என்பதற்காக வலது முழங்காலில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருப்பார். சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. மூடி அண்ணன் என்றால் எல்லாருக்கும் தெரியும். எந்த வேலைக்கு வந்தாலும் கிளம்பும்போது கழிப்பறைக்குள் தலையை நீட்டிப் பார்த்து, கோப்பை திறந்து கிடந்தால் மூடியைச் சாத்திவிட்டுத்தான் போவார். "மூடியை எதுக்கு வச்சிருக்கான், அழகுக்கா? நீங்க மருந்தை ஊத்திட்டு டிவி பாக்கப் போயிடுவீங்க. நாய் வந்து அதைக் குடிக்கும். அப்புறம் தூக்கிட்டு ஓடுவீங்க, ஐயோ அம்மான்னு."

அடைப்புக்கு ஆசிட் ஊற்றவே மாட்டார். நீளமான சுருள் கம்பியை விட்டு மணிக்கணக்கில் குடைவார். இரண்டாம் மாடி டீச்சரம்மா நாயைக் குளிப்பாட்டும் அறையிலிருந்து ஒரு பந்து முடியை இழுத்து வெளியே போட்டு, "இன்னொரு நாய் செய்யற அளவுக்கு இருக்கு டீச்சர்" என்றார். டீச்சரம்மா சிரிக்கவில்லை. இவரும் கண்டுகொள்ளாமல், தண்ணீர் போகும் ஓட்டைக்கு அளவெடுத்துக் கம்பி வலை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், பூனைக்கு வாங்கும் மணலைக் கழிப்பறையில் கொட்டிக் குழாயை அடைத்துவிட்டார். "சார், இது மண்ணு இல்ல, சிமெண்டு. எங்க போகணும்னு உங்க பூனைக்குத் தெரியுது. எங்க கொட்டணும்னு உங்களுக்குத்தான் தெரியல." அதிகாரியிடம் வேறு யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

நான் வீட்டிலேயே துணி தைக்கிறவள். எனக்கு அதிகம் பேச வராது. பேசாதவர்களிடம் மற்றவர்கள் எதையாவது இறக்கி வைத்துவிடுகிறார்கள். என் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி ஒருநாள் அவர் இதைச் சொன்னார்.

அவர் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தெருவில் திரிந்த ஒரு பூனைக்குட்டிக்குத் தினமும் பால் வைப்பாள். அவர்கள் வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் போகும் குழாய் கசிய, இவர் சுவரை உடைத்துக் குழாயை மாற்றி, மறுநாள் செங்கல் வைத்துப் பூசினார். அன்று மாலை மகள் வந்தாள். "அப்பா, சுவத்துக்குள்ள பூனை அழுது."

"காத்தும்மா. புதுக் குழாயில காத்து சிக்கினா அப்படித்தான் கத்தும்."

குழாயில் காற்று சிக்கினால் அப்படித்தான் கத்தும். அந்தச் சத்தத்தை எத்தனையோ வீடுகளில் கேட்டவர் அவர். மறுநாளும் மகள் வந்து சொன்னாள். குழாயைத் திறந்து, சீறி வந்த தண்ணீரில் அவள் கையைப் பிடித்து வைத்து, "பாரு, காத்து வெளியே வருது" என்று காட்டினார். மூன்றாம் நாள் சத்தம் நின்றது. "பாத்தியா, அப்பா சொன்னேன்ல?" என்றார்.

பத்து நாளில் வாடை வந்தது.

"நானேதான் உடைச்சேன். அவ ஸ்கூல் யூனிபார்மோட கதவுகிட்ட நின்னு பாத்துட்டிருந்தா. அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும்மா. என்னை ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் வந்தாள், கேட்டால் பதில் சொன்னாள். தானாக வந்து அப்பாவிடம் எதையும் சொல்வது மட்டும் அன்றோடு நின்றுபோனது. வயிற்றுவலி, பரீட்சை மார்க், ஒருவனைப் பிடித்திருக்கிறது என்பது எல்லாம் அம்மாவிடம். அம்மா சொல்லித்தான் இவருக்குத் தெரியும். அந்த அம்மாவும் போன வருடம் இறந்துவிட்டார். வேறு ஊரில் குடித்தனம் நடத்தும் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள். "சாப்பிட்டீங்களாப்பான்னு கேப்பா. மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. அவ பத்து நாள் காய்ச்சல்ல கிடந்தது மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும்." கையால் குழாயை ஒரு சுற்றுத் திருகினார். "அப்பா, இங்க ஒரு விஷயம்னு ஒரே ஒரு தடவை அவளா ஆரம்பிச்சாப் போதும்." பிறகு ஸ்பானரைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

போன புதன்கிழமை காலை என் தொட்டிக்குப் புதுக் குழாய் மாட்டிவிட்டு, இணைப்பில் கசிகிறதா என்று பார்க்கத் தண்ணீரை ஓடவிட்டிருந்தார். போன் அடித்தது. கை ஈரம். மேடையில் வைத்தபடியே ஒரு விரலால் ஸ்பீக்கரைத் தட்டினார். மருமகன்.

"மாமா, நேத்து சாயந்தரம் பாத்ரூம் சுவத்துல குழாய் வேலை முடிச்சுப் பூசிட்டுப் போனாங்க. காலையிலருந்து உள்ள ஏதோ கத்துற மாதிரி இருக்கு. பிளம்பரைக் கேட்டா காத்துங்கறார். இதோ, கேளுங்க."

மெல்லிய இழுப்பாக ஒரு சத்தம் எனக்கும் கேட்டது. ஒரு சொல்லைச் சொல்ல மூடி அண்ணன் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை.

"உங்க பூனை எங்க?" என்றார்.

"நேத்துலருந்து காணோம் மாமா."

"அவ என்ன சொல்றா?"

"உள்ளதான் இருக்குங்கறா. உங்களுக்குப் போன் பண்ண வேணாம்னு சொன்னா. நான்தான்..."

"அவ இருக்குன்னா இருக்கு. உடைங்க."

"மாமா, புது டைல்ஸ்..."

"டைல்ஸை நான் வந்து ஒட்டித் தர்றேன் மாப்ள. சுத்தியலை எடுங்க. கீழ் வரிசையில, ஓரமா, மெல்லத் தட்டுங்க. கம்பியை உள்ள விட்டுக் குத்திடாதீங்க."

தட்டுகிற சத்தம் வர ஆரம்பித்தது. அவர் என் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு அடிக்கும் தோள் லேசாக அசைந்தது. செங்கல் சரிந்தது. அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரே பேச்சுக் குரல்கள். மருமகன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல மாமா. டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். வெறும் காத்துதான். நாங்க உடைக்கிற சத்தம் கேட்டு மேல் வீட்டுக்காரங்க இறங்கி வந்தாங்க, பூனையைத் தூக்கிட்டு. நேத்துலருந்து அவங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில தூங்கியிருக்கு."

மூடி அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் எங்கோ போய்விட்டது. "இருக்கட்டும் மாப்ள. உடைச்சது சரிதான்" என்றார். பிறகு, "அவ பக்கத்துல இருக்காளா?"

"இங்கதான் நிக்கிறா. இந்தா, அப்பா."

போன் கை மாறும் சரசரப்பு கேட்டது. அவர் விரல்களைச் சட்டையில் அழுத்தித் துடைத்து, ஸ்பீக்கரை அணைத்து, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "அப்பாதாம்மா" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வந்ததா என்று எனக்குத் தெரியாது. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. காதிலிருந்து போனை எடுக்காமலே எழுந்து, இடது கையை நீட்டி, கடைசிச் சொட்டுகூடச் சத்தம் போடாதபடி குழாயை மெல்ல, மிக மெல்லத் திருகி நிறுத்தினார்.