கத்தும் கொழுப்பும் இரண்டு மச்சாள்மாரும்

நல்லூரான் ஆணை, சந்நிதியான் ஆணை, நான் ஓட்டுகிற வான் வண்டியின் நான்கு சில்லுகள் மேலும் ஆணை: கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நம்பாதவர்கள் என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம். அதுதான் கொஞ்சம் ஊதிச் சொன்னதுபோல இருக்கும். ஆனால் அதுவும் உண்மைதான்.

மனிதரிடம் காசு கேட்டால் தருவார்கள், காணி கேட்டால் வழக்காடிவிட்டாவது தருவார்கள். வயிற்றிலிருந்து ஒரு பயறளவு கொழுப்புக் கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் உலகம் விளங்கும். வேட்டிக்கு மேலே வயிறும், வயிற்றுக்கு மேலே கவலையும் சுமக்கிற என் சகோதர சகோதரிகளே, அந்தக் கொழுப்பைக் கேட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான்.

ஒரு காலத்தில் பஸ் ஓட்டினேன். ஓய்வு கிடைத்த பிறகு டொக்டர் வாசுகியின் ஆராய்ச்சி வானில் ஏறினேன். வாசுகி வடமராட்சிக் கடற்கரைப் பிள்ளை. வெளிநாட்டில் படித்து, அங்கேயே நல்ல வேலையில் இருந்தவள், எங்கள் சனத்துக்கு ஏன் இவ்வளவு வேளைக்கு, இள வயதிலேயே, சலரோகம் என்கிற சீனி வருத்தம் வருகிறது என்று கண்டுபிடிக்க ஊருக்கே திரும்பிவிட்டாள். முதல் நாளே எனக்கு வகுப்பெடுத்தாள்.

"அப்பு, உடம்பிலை எல்லா இடத்திலையும் ஒரே மரபணுக்கள்தான். ஆனால் எல்லாம் ஒரே நேரத்திலை கதைக்கிறேல்லை. கொழுப்புக் கூடினவையின்ரை வயித்திலை, அழற்சியைக் கூப்பிடுற மரபணுக்கள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். வெளியிலை புண்ணும் இல்லை, காய்ச்சலும் இல்லை. உள்ளுக்கை மட்டும் தணலாய்க் கிடக்கும். சலரோகம், இருதய வருத்தம் எல்லாத்துக்கும் அதுவும் ஒரு காரணம். ஆள் மெலிஞ்சால் அந்தச் சத்தம் அடங்குதோ எண்டுதான் நாங்கள் காது குடுத்துக் கேக்கப் போறம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பஸ் ஓட்டியவனுக்குப் பின்னால் நின்று கத்துகிறவர்களைத் தெரியாதா? விளங்கிய இன்னொன்றும் இருந்தது. வெளிநாட்டில் இருந்து உதவி செய்கிற குழு ஒன்று இந்த ஒரு ஆராய்ச்சிக்குத்தான் ஓம் சொல்லியிருந்தது. விடை நம்பும்படி வந்தால் ஆய்வுகூடம் நிலைக்கும். வராவிட்டால் அதைப் பூட்டிவிட்டு வாசுகி பழையபடி குளிர் தேசத்துக்கு விமானம் ஏறவேண்டியதுதான்.

வாளி

முதலில் சில ஊர்களுக்குப் போய் வெள்ளோட்டம் பார்த்தோம். அச்சுவேலிச் சந்தையில் வெங்காயம் மொத்தமாக வாங்கி விற்கிற முதலாளி ஒருவர். கதிரையில் அவர் இருந்தாரா, கதிரை அவருக்குள் இருந்ததா என்று சொல்ல முடியாது. நான் பவ்வியமாக விசயத்தைச் சொன்னேன்: தொப்புளுக்குக் கீழே விறைக்கப் பண்ணி, ஊசியால் ஒரு துளி கொழுப்பு எடுப்பார்கள், நோகாது, எல்லாம் உங்கள் விருப்பம்.

முதலாளி முதலில் கோபித்தார். பிறகு யோசித்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, கடைப் பெடியனைக் கூப்பிட்டுப் பின்னுக்குக் கிடந்த பெரிய வாளியைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார். ஒரு பயறளவுதான் வேண்டும் என்று வாசுகி விளங்கப்படுத்த, மனுசனுக்குப் பெரிய ஏமாற்றம். "உதென்ன பிள்ளை, தேர் இழுக்க வந்துட்டு வடத்திலை ஒரு நூலை மட்டும் பிடுங்கிக்கொண்டு போறியள்!"

வெறுவயிறு

சாவகச்சேரியில் ஒரு மண்டபம். கொழுப்போடு இரத்தமும் எடுக்கவேண்டும். அதற்கு வெறுவயிற்றோடு வரவேண்டும். ஒலிபெருக்கி கட்டாத குறையாக வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். விடியவே சனம் நிறைந்துவிட்டது. பவானி மிஸி ஒவ்வொருவராக விசாரித்தா. பவானி எங்கள் தாதி. பொய்யை மணத்தில் கண்டுபிடிக்கிறவ.

முதல் ஆள் பால்தேத்தண்ணி மட்டும் குடித்தாராம். இரண்டாவது அம்மா வெள்ளிக்கிழமை என்பதால் கோயிலில் தந்த மோதகம் மட்டும் சாப்பிட்டாவாம். அது சாப்பாடு இல்லையாம், அருளாம். மூன்றாவதாக ஒரு தோட்டக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, அரிச்சந்திரனுக்கு அண்ணை மாதிரி ஒரு முகம். "ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ, காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்று பவானி கேட்க, அவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "சத்தியமாய் ஒண்டும் இல்லை மிஸி. ஒரு தட்டு இடியப்பம், அதுவும் சொதி இல்லாமல்."

சுறா போகுது, இது போகாதோ?

மரபணு பேசுகிற குரல் இருக்கிறதே, அது மகா பெலவீனமான சாமான். கொழுப்பை வெளியே எடுத்துச் சற்று நேரம் வைத்தால் செத்துப்போகும். அதனால் எடுத்த கையோடு திரவ நைதரசன் உள்ள குடுவைக்குள் போட்டு உறையவைப்போம். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை கிளம்பும். நெல்லியடிச் சந்தியில் ஒருநாள் நான் திறந்து காட்ட, எழும்பிய புகையில் பஸ் மூன்று பாதை மறந்து நின்றன. சரி, இரண்டு என்று வையுங்கள்.

அன்றைக்குக் கடற்கரையில் வேலை. குடுவையில் நைதரசன் குறைந்துவிட்டது. வாசுகிக்கு உயிர் போகிற அந்தரம். நான் வானை முறுக்கிக்கொண்டு நிற்கிறேன். அங்கே நின்ற சம்மாட்டியார், நாலைந்து வள்ளத்துக்குச் சொந்தக்காரர், உதவிக்கு ஓடிவந்து மீன்பெட்டி நிறைய ஐஸ் அள்ளிப் போட்டார். அந்தக் குளிர் போதாது என்று வாசுகி கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. நான் வானை எடுத்துப் பறக்க, பின்னால் நின்று கத்தினார்: "என்ரை சுறா கொழும்புவரைக்கும் கண் முழிச்சபடி போகுது, உங்கடை ஒரு பயறளவு கொழுப்பு யாழ்ப்பாணம் போகாதோ?"

தராசுக்கு வந்த விசர்

வெள்ளோட்டம் முடிந்து உண்மையான ஆராய்ச்சி அச்சுவேலிப் பக்கத்து ஊர் ஒன்றில் தொடங்கியது. ஊரை ஒழுங்கை என்கிற ஒரு சின்னத் தெரு இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குப் பக்கத்தாருக்குச் சாப்பாட்டு ஒழுங்கும் நடைப்பயிற்சியும். மேற்குப் பக்கத்தார் எதையும் மாற்றாமல் வழமைபோல இருக்கவேண்டும். எல்லாரிடமும் முதல் கொழுப்பு எடுத்து உறையவைத்தாயிற்று. மூன்று மாதம் கழித்து இரண்டாவது எடுத்து, கிழக்கில் சத்தம் அடங்கி மேற்கில் அடங்காமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வாசுகியின் ஆய்வுகூடம் தொங்கியது அந்த ஒழுங்கையில்தான்.

மூன்று மாதம் கழிந்தது. வாசிகசாலையில் இரண்டாவது கொழுப்பை எடுத்துக்கொண்டே தராசும் வைத்தோம். கிழக்குப் பக்கத்துப் புவனம் முதலில் ஏறினா. முள் பழைய இடத்துக்குப் போய், அங்கே நிற்க விருப்பமில்லாமல் இன்னும் கொஞ்சம் அங்கால் போனது. அடுத்தடுத்துக் கிழக்கார் ஏறினார்கள். ஒருவரும் இறங்கவில்லை, தராசிலிருந்து தவிர. பிறகு மேற்குப் பக்கத்துச் சறோசா வந்தா. புவனத்தின் புருசனின் தங்கச்சி, அதாவது மச்சாள். இருவர் வீட்டு வாசற்படலையும் நேருக்கு நேர். சறோசாவின் சட்டைக்குள் இன்னொரு சறோசாவுக்கு இடமிருந்தது! மேற்கு முழுக்க மெலிந்து நின்றது. தராசுக்கு விசர் பிடித்துவிட்டது என்று பவானி என்னை ஏற்றிப் பார்த்து, "தராசு சரி அண்ணை, உங்கடை வண்டி வயிறு வச்ச இடத்திலை அப்பிடியே இருக்கு" என்றா.

வாசுகி முகம் வெளிறி, "அப்பு, ஆக்களை மாத்தி ஏத்திப்போட்டியளோ?" என்று என்னைக் கேட்டாள். பிறகு புவனத்திடம் திரும்பி, சொன்ன சாப்பாட்டைச் சாப்பிடவில்லையா என்றாள். பாவம் புவனம், கண் கலங்கிவிட்டா. கலியாண வீடு, செத்தவீட்டு அந்தியேட்டி, கொடியேற்றம், கனடாவிலிருந்து வந்த பெறாமகனுக்கு விருந்து என்று வரிசையாகச் சொல்லி, முடிவில் மூக்கைச் சீறிக்கொண்டு சொன்னா: "என்ரை வீட்டு அடுப்பிலை ஒரு பிழை நடக்கேல்லை தங்கச்சி. வெளியிலை சாப்பிட்டதுக்கு நான் என்ன செய்ய?"

அம்மன் வீதியில் ஒரு நேர்த்தி

பழி என் தலையில் விழுந்ததால் மேற்குப் பக்கத்து மர்மத்தை அறிய நானே இறங்கினேன். விசயம் இதுதான். புவனம் சாப்பிட்டது வெளியில். ஆனால் படலையில் நின்று சொன்னது வேறு. "எனக்கு இப்ப குரக்கன் புட்டுத்தான் மச்சாள். சீனியைக் கண்டாலே அருவருக்குது. ஆராய்ச்சிக்காரர் எங்களைத்தானே தெரிஞ்செடுத்தவை" என்று நாளுக்கு நாள் பெருமை. சறோசா அவ்வளவையும் நம்பி, அதற்கு மேலேயும் செய்தா. சீனியை விட்டா, பொரியலை விட்டா, கடைசியில் நடக்கவும் தொடங்கினா.

எங்கள் ஊரில் காரணமில்லாமல் ஒரு பொம்பிளை நடந்தால் நூறு வாய் "எங்கை பிள்ளை போறாய்?" என்று கேட்கும். அதனால் சறோசா அம்மன் கோயில் வெளிவீதியைச் சுற்றினா. கேட்டவர்களுக்கு ஒரு சிரிப்பு மட்டும். ஏதோ பெரிய நேர்த்திக்கடன் என்று ஊர் முடிவு கட்டியது. அந்த நேரம் பார்த்து அவவின் மகளுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது! அவ்வளவுதான், மறுநாள் விடிய மேற்குப் பக்கம் முழுக்க வீதியில். வேட்டியை மடித்துக் கட்டின கிழடுகள்கூட ஓட்டமும் நடையும். உள்ளே அம்மன் பயந்து கதவைச் சாத்திக்கொண்டதாக ஐயரே என்னிடம் சொன்னார்.

வழமைபோல இருக்கச் சொன்னோமே, ஏன் இப்படிச் செய்தாய் என்று சறோசாவைக் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தா. "அண்ணை, எதிர்ப்படலையிலை மச்சாள் மெலிய மெலிய, நான் உங்களுக்காகக் கொழுத்துக்கொண்டு நிக்கிறதோ?"

சிவப்பும் நீலமும்

"முடிஞ்சுது அப்பு" என்றாள் வாசுகி. இரண்டு நாள் வானில் பழைய பட்டியல்களையே புரட்டிக்கொண்டிருந்தாள். கிழக்கார் செய்யாததைச் செய்ததாக எழுதினால் ஆருக்குத் தெரியும் என்று நான் மெல்ல ஒரு கதை விட்டுப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் என் வாய் உறைந்துபோனது; நைதரசன் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் சட்டென்று நிமிர்ந்து, "ஒவ்வொருத்தரின்ரை முதல் கொழுப்பும் இருக்கு, ரெண்டாவதும் இருக்கு. ஆர் எந்தப் பக்கம் எண்டதை விடுவம். மெலிஞ்சவை ஆர், மெலியாதவை ஆர் எண்டு பாப்பம்" என்றாள்.

முடிவு வந்த அன்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் இருத்தினாள். திரை நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள். சிவப்பென்றால் கத்துகிற மரபணு, நீலமென்றால் அடங்கியது. மெலிந்தவர்களின் முதல் கொழுப்பு செவ்விரத்தம்பூப் போலச் சிவப்பு. இரண்டாவது, அப்பனே, மத்தியானக் கடல் போல நீலம்! மெலியாதவர்களுக்கு இரண்டும் சிவப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பிள்ளை துள்ளிய துள்ளலில் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் தாளம் போட்டன.

பிறகு வெளிநாட்டுக் குழுவுக்கு நடந்ததை நடந்தபடியே சொன்னாள்: திட்டம் தலைகீழாகப் போனது, படலைப் பேச்சு, அம்மன் வீதி, ஒன்றையும் மறைக்கவில்லை. இதைத் திட்டமிட்ட ஒப்பீடாகக் கொள்ள ஏலாது, ஆனாலும் மெலிந்தவர்களில் சத்தம் அடங்கியது தெளிவாகத் தெரிகிறது என்றாள். கணினியில் தெரிந்த நரைத்த தலை அம்மா, குழுவின் தலைவி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டா. ஆய்வுகூடத்தைத் தொடர்ந்து நடத்தச் சொல்லிவிட்டு அவ சொன்னதை வாசுகி எனக்குத் தமிழில் சொன்னாள்: "நடக்காததை நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் நடந்ததை நம்புகிறோம்."

சறோசாவின் கேள்வி

ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவைத் தனியாகச் சொன்னோம். ஒருவருடையதை மற்றவருக்குச் சொல்லக்கூடாது என்பது ஆராய்ச்சியின் இறுக்கமான சட்டம். சறோசாவின் வீட்டு விறாந்தையில் இருந்து வாசுகி ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். உள்ளே இருந்த தணல் தணிந்துவிட்டது, கத்திக்கொண்டிருந்தவை அடங்கிவிட்டன, தாய்க்கு வந்ததுபோல உங்களுக்கும் சலரோகம் வேளைக்கு வராமல் தடுக்க இது உதவும், விடாமல் நடவுங்கோ. சொல்லிவிட்டுப் பிள்ளை சறோசாவின் கையைப் பிடித்தாள். எனக்குக் கண்ணில் ஏதோ தூசி.

சறோசா எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டா. எழும்பிப் போய்ப் படலையை எட்டிப் பார்த்தா. திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, கதிரையைக் கிட்ட இழுத்தா. "என்ரை கிடக்கட்டும் தங்கச்சி. மச்சாளின்ரை இன்னும் கத்துதோ?"

சட்டம் விடாது என்று சொல்லிவிட்டு வாசுகி எழும்பினாள். நானும் சட்டத்தை மதிக்கிறவன். வெளியே வந்து வானை எடுக்கும்போது புவனம் மறித்து, "அவளுக்கு என்னவாம் அண்ணை?" என்று கேட்டதற்குக்கூட, "எனக்கொண்டும் தெரியாது பிள்ளை, ஆனால் சறோசா இண்டைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டு முற்றம் கூட்டுறா" என்று மட்டும்தான் சொன்னேன். அடுத்த நாள் விடிய அம்மன் வீதியில் புவனம். ஒரு கிழமைக்குள் கிழக்குப் பக்கம் முழுக்க அங்கேதான். அடுத்த ஆராய்ச்சிக்கு வழமைபோல இருக்கிற ஒரு சீவனும் அந்த ஊரில் இல்லை என்று வாசுகி தலையில் கைவைத்துக்கொண்டு, இந்தக் கதையை ஊருக்குள் விட்டது யார் என்று தேடுகிறாள். உங்களைக் கேட்டால் காற்றுவாக்கில் வந்தது என்று சொல்லுங்கோ, என்ரை பேரை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ.

கொழுப்பைக் கரைக்க உலகம் மருந்துக் குளிசை தேடிக்கொண்டிருக்கட்டும். அதுவரைக்கும் எதிர்ப்படலையில் ஒரு மச்சாள் இருந்தால் சமாளிக்கலாம்.