வேலிக்காத்தானுக்கு வைத்த உப்பு

எங்கள் வீட்டு முருங்கை பட்டுப்போனபோது, அதைப் பட்டுப்போக வைத்தது யார் என்று கண்டுபிடிக்க அம்மாவுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. முருங்கையைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த பெரியம்மா வீட்டுக் கூரையைப் பார்த்தாள். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது.

அம்மா பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைகிற மண்ணில் பிறந்துவிட்டு, மரக்காணத்து உப்பளத்தில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் அவள் எதையும் நம்பியதில்லை. மீன்காரம்மாவின் தராசு, பால்காரரின் சொம்பு, மழை வரும் என்று சொல்லும் மேகம் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா யாரைச் சந்தேகப்படுகிறாளோ அவர்களை நானும் கூடவே சந்தேகப்படுவேன். அதற்குக் காரணம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன்.

அவள் நம்பிய ஒரே பொருள் எங்கள் கிணறு. சுனாமியில் கடல் உள்ளே வந்துபோன அடுத்த வருஷம் அது. கடற்கரைப் பக்கத்தில் பல கிணறுகள் உவர்த்துக் கிடந்தன. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் இளநீர் போலத் தண்ணீர். தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நின்று, "உங்க வூட்டுத் தண்ணியில பருப்பு வெந்தா அது ஒரு ருசிக்கா" என்று சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் அவள் முருங்கையும் எலுமிச்சையும் ஒரு தென்னம்பிள்ளையும் கனகாம்பரமும் வளர்த்தாள். பிறந்த ஊரை அவள் நினைத்து அழாமல் இருந்ததற்கு அந்தக் கிணறுதான் காரணம் என்று இன்று எனக்குப் படுகிறது.

எங்கள் தோட்டத்துக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. சீமைக் கருவேலம் என்கிற வேலிக்காத்தான் மரங்கள்தான் வரிசையாக நின்றன. யாரும் நட்டதில்லை. ஆடு தின்று போட்ட விதையிலிருந்து முளைத்து, முள்ளும் புதருமாக வளர்ந்து, தானே வேலியாகிவிட்டவை. அந்தக் கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. வேலிக்காத்தான் வேர் கிணற்றுக்குள் புகுந்து குடிக்கிறது என்று யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். அன்றே அம்மாவின் சந்தேகத்துக்கு ஒரு புது ஆள் கிடைத்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. அப்பாவின் அண்ணனான பெரியப்பா இறந்துபோன பிறகு அவள் தனியாக ஆடு வளர்த்துப் பிழைத்தாள். ஆடுகளுக்கு வேலிக்காத்தான் காய், அடுப்புக்கு அதன் விறகு. வெட்டுகிற அன்று வேலியோரம் வந்து நின்று, வரிசையின் கோடியில் இருந்த ஒரு மரத்தைக் காட்டினாள்.

"அது வேலிக்காத்தான் இல்லம்மா. நாட்டுக் கருவேலம். அத வெட்டாதீங்க."

ஆட்டுக்காக ஒரு மரத்தையாவது காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்கிறாள் என்று அம்மா என் காதில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அப்பா ஒரு காயைப் பறித்து வந்து காட்டினார். வேலிக்காத்தான் காய் அவரைக்காய் மாதிரி வழவழவென்று நீண்டிருக்கும். இதுவோ வெள்ளை வெளேரென்று, மணிமணியாகக் கோத்தது போல இருந்தது. கருவேலமேதான். அந்த மரம் தப்பித்தது. பெரியம்மா மேல் இருந்த சந்தேகம் தப்பவில்லை. இவ்வளவு சரியாக மரம் தெரிந்தவளுக்கு இன்னும் என்னென்ன தெரியுமோ என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்தாள்.

வெட்டுவது சுலபம். அப்பா ஒரு வாரத்தில் வெட்டிச் சாய்த்தார். அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதுதான் பெரும்பாடு. வேர் பாதாளம்வரை போயிருந்தது. கடப்பாரை வளைந்ததோடு அப்பா நிறுத்திக்கொண்டார். ஆவணி பிறந்தபோது ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் கொத்துக்கொத்தாகத் துளிர். முன்பு ஒரு மரம் நின்ற இடத்தில் இப்போது பத்து நிற்கும் போலிருந்தது. அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் கட்டைதான். அப்பா ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி, உப்பு வைத்தால் எதுவும் பட்டுப்போகும் என்று மெல்லச் சொன்னார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மண்ணுல உப்பக் கொட்டுறவன் வெளங்குவானா? உங்க ஊரு புத்திய என் தோட்டத்துல காட்டாதீங்க, சொல்லிட்டேன்."

அப்பா சரி என்று தலையாட்டினார். அவர் எதற்கும் சரி என்றுதான் தலையாட்டுவார்.

புரட்டாசியில் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அப்பா சைக்கிளில் ஒரு வெள்ளைச் சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். ஈரம் சொட்டியது. என்னப்பா என்று கேட்டேன்.

"உரம். தென்னம்புள்ளைக்கு. அம்மாகிட்ட இப்பவே சொல்லிடாத, நல்லா வரட்டும்."

சாக்கின் மேல் பெரிய எழுத்தில் உரம் என்றுதான் அச்சடித்திருந்தது. வகுப்பில் நன்றாக வாசிக்கிறவள் என்று பெயரெடுத்தவள் நான். எழுதியிருப்பதை நம்பாமல் வேறு எதை நம்புவது? மூட்டையில் இருந்தது அளத்து வரப்போரம் ஒதுக்கிப்போட்ட, களிமண் ஒட்டிய கழிவு உப்பு என்பது அன்று எனக்குத் தெரியாது. என்னை விளையாட அனுப்பிவிட்டு, கட்டைகளைச் சுற்றிக் குழி பறித்து அப்பா அதைப் புதைத்தார். அளத்து வரப்புகளில் வேறொன்றும் முளைக்காத இடத்திலும் பச்சையாக நிற்பது இந்த வேலிக்காத்தான் ஒன்றுதான் என்பதை அவர் பிறந்ததிலிருந்து பார்த்தவர். ஆனாலும் உப்புக்காரருக்கு உப்பின் மேல் இருக்கிற நம்பிக்கை அப்படி.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம் நல்ல மழை. குழிகளில் தண்ணீர் தேங்கி, இறங்கி, தோட்டம் முழுக்கப் பரவியது. முதலில் கனகாம்பரம் கருகியது. பிறகு முருங்கை இலை பழுத்துக் கொட்டியது. ஒருநாள் காலையில் அம்மா வாய் கொப்பளித்துவிட்டு அப்படியே நின்றாள். இன்னொரு வாய் ஊற்றிப் பார்த்தாள். கிணறு உவர்த்துவிட்டது. வேலிக்காத்தான் கட்டைகள் மட்டும் தளதளவென்று துளிர்த்திருந்தன.

அம்மா புடவையை இழுத்துச் செருகினாள். களைக்கொட்டை எடுத்துக்கொண்டு முருங்கையடியில் கொத்தினாள். அடுத்திருந்த கட்டையின் ஓரம் கொத்தினாள். கரையாமல் கிடந்த ஒரு கை உப்புக்கட்டி வந்தது. வேலியோரம், மரம் வெட்டியதில் யாருக்கு வயிற்றெரிச்சலோ அவர்கள் வீட்டை ஒட்டிய இடம். எனக்கும் சந்தேகமே இல்லை. பெரியம்மா வேலியோரம் நிற்பதைப் பலமுறை பார்த்தேன் என்று நானும் என் பங்குக்கு சாட்சி சொன்னேன்.

அம்மா அந்தக் கட்டியை ஒரு கையிலும் காய்ந்த மிளகாயை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கள் பக்கத்தில் அது விளையாட்டில்லை. கெடுத்தவன் பெயர் தெரியாவிட்டால் அம்மன் கோயில் வாசலில் மிளகாயும் உப்பும் வாரி எறிந்து வயிறெரிந்து சொல்வார்கள். ஆளை அம்மன் தேடிக்கொள்வாள். அளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில்தான் பெரியம்மா வாசல்.

"யக்கா, கொட்னவங்க கை வெளங்காம போவணும்னு அம்மன்கிட்ட சொல்லப் போறேன். யாரா இருந்தாலும் செரி!"

பெரியம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, அம்மா கையிலிருந்த கட்டியை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தாள். முழங்கால் தேய்ந்துபோகும்வரை அளத்தில் உப்புக் கூடை சுமந்தவள் அவள். கட்டியின் அடியில் ஒட்டியிருந்த கருங்களி அப்பா வேலை செய்கிற அளத்துக் களி. எந்தப் பாத்தி உப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? தெருவில் சைக்கிளோடு நின்ற அப்பாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். தாயில்லாத பிள்ளையாக, பால்குடி மறக்கும் முன்பே அவள் இடுப்புக்கு வந்தவர் அப்பா.

"கோயிலுக்கெல்லாம் எதுக்கும்மா போற. நான்தான் கொட்னேன்."

அம்மாவே ஒரு நிமிஷம் திகைத்துப் போனாள். சந்தேகப்பட்டு மட்டுமே பழகியவளுக்கு, ஆமாம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு அழுகையும் ஆத்திரமுமாக மிளகாயை அந்த வாசலிலேயே எறிந்தாள். "உன் கை வெளங்காதுடி" என்றாள். பெரியம்மாவை அம்மா வாங்க போங்க இல்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. பெரியம்மா குனிந்து மிளகாயைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள், ஆடு மேய்ந்துவிடும் என்று. அப்பா தலையைக் குனிந்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு அளத்துக்குப் போனார்.

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கிணற்றுத் தண்ணீர் துணி துவைக்க மட்டும் என்றானது. குடிக்கத் தெருக்குழாய்தான், தெருக்கோடியில் வரிசையில் நிற்க வேண்டும். அப்பா விடிந்ததும் போய் வரிசையில் நிற்பார். முதல் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருவார். எங்கள் வாசலைத் தாண்டிப் போய், பெரியம்மா வீட்டுப் படியில் இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தலைகுனிந்து அங்கேயே நிற்பார். அடுத்த குடம்தான் எங்களுக்கு. ஒருநாள்கூட இந்த வரிசை மாறவில்லை.

ஜன்னல் வழியாக அம்மாவும் நானும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அம்மா மூக்கைச் சிந்துவாள். நம் கிணற்றையே கெடுத்தவளுக்குத் தண்ணீர் சுமக்கிறாரே, இந்த அப்பாவுக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்கிறதா என்று எனக்கு ஆத்திர ஆத்திரமாக வரும்.