மிர்த்தாவின் வெயில் அறை

எங்கள் தெருவில் மழை பிடித்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். மிர்த்தா ஒலாசாபல் ஒருத்திதான் வெளியே வருவாள். வாசல் கூரையடியில் அடுப்பைப் போட்டு, மாட்டுக் கொழுப்பைக் காய வைத்து, மாவை வட்டமாகத் தட்டிப் பொரித்து எடுப்பாள். மழை நாளில் தோர்த்தா ஃப்ரித்தா தின்னாதவன் உருகுவேக்காரனே இல்லை. அதனால் மேகம் கறுத்தால் போதும், எங்கள் லா தேஹா பேட்டை முழுக்க அவள் வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

"வெயில் அடிச்சா எனக்குச் சாவு, மழை பெஞ்சா எனக்கு வியாபாரம். கடவுள் கணக்குல கெட்டிக்காரன்டி நிபியா" என்பாள்.

நிபியா நான்தான். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் கத்திக் கத்தியே வயசானவள். வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டும்.

மிர்த்தா வெயிலில் பிறந்து வளர்ந்தவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சின்ன வயதில் கடற்கரையில் ஐஸ்கிரீம் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு விற்றவள். எங்கள் ஊர்க் கோடை டிசம்பரில் தொடங்கினால் மார்ச் வரை மணலை விட்டு எழமாட்டாள். வில்மார் அவளைப் பார்த்ததும் அங்கேதான். ஒரு ஐஸ்கிரீம் வாங்கப் போனவன் நாலு வாங்கி, நாலையும் கையில் உருகவிட்டுக்கொண்டு நின்றானாம். பிறகு அவளையே கட்டிக்கொண்டான். பிள்ளைகள் இல்லை. அவனுக்கு அவள் கிழவி, அவளுக்கு அவன் குண்டன். இருபத்தைந்து வயதிலேயே அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

முப்பத்தைந்தில் வந்தது லூபஸ். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்துத் தாக்கிக்கொள்ளும் வியாதி. வெயில் பட்டால் அதற்கு வெறி பிடிக்கும். கன்னம் இரண்டும் சிவந்து தடிக்கும், மூட்டெல்லாம் வீங்கும், மோசமானால் சிறுநீரகத்தில் கை வைக்கும். இனி வெயில் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து எல்லா ஜன்னலுக்கும் திரை தைத்தாள். அன்றிலிருந்து ஆகஸ்ட் குளிரிலும் ஜனவரி வெயிலிலும் முழுக்கை, கையுறை, குடை மாதிரி ஒரு தொப்பி. மேகத்துக்குள்ளிருந்தும் வெயில் கடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மழையில் பொரிக்கும்போதும் அதே வேஷம்தான்.

வலி மாத்திரைகள் அவள் வயிற்றைத் தின்று தீர்த்தபோதுதான் வில்மார் பின்னறையில் கஞ்சா வளர்க்க ஆரம்பித்தான். பதிவு செய்துகொண்டால் வீட்டுக்கு ஆறு செடி வளர்க்க எங்கள் நாட்டுச் சட்டமே விடும். அவன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கையில் நேரம்தான் மிச்சம். முதல் போகம் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. இரண்டாவது பிழைத்தது. பூவைக் காய வைத்து எண்ணெயில் காய்ச்சி, ராத்திரி அவள் நாக்கடியில் சொட்டு விடுவான். அவள் தூங்கினாள். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் சுவரின் அந்தப் பக்கம் அவள் முனகுவதைக் கேட்டுக்கொண்டு நான் படுத்திருக்கிறேன்.

அந்த அறையில் வில்மார் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் மாட்டியிருந்தான். அந்த வெளிச்சம் தன்னைக் கடிக்குமா என்று மிர்த்தா டாக்டரிடம் கேட்டாள். என்ன வகை என்று விசாரித்துவிட்டு, இதில் புற ஊதாக் கதிர் இல்லை, பயமில்லை என்றார். மறுநாளே கொட்டகையிலிருந்து கடற்கரை நாற்காலியை இழுத்து வந்து செடிகளுக்கு நடுவே போட்டாள். உலகத்திலேயே அந்த அறையில் மட்டும்தான் அவள் கையுறையைக் கழற்றினாள். தோள் தெரியும் கவுன் போட்டுக்கொண்டு, மாலையில் சுரைக்குடுவையில் மாத்தே இலைத் தேநீர் ஊற்றி, ரேடியோவைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாள். பார்க்கிற எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று இருக்கும்.

போன குளிர்காலத்தில் அவள் விரல்கள் மடங்கிப் போயின. மாவு பிசைய முடியவில்லை. எண்ணெய் போதவில்லை. வில்மார் சாயங்காலம் போச்சாஸ் பந்து உருட்டி விளையாடப் போகிற இடத்தில் ஒல்லி தெச்சேரா என்று ஒருவன் உண்டு, கஞ்சா வளர்ப்போர் சங்கத்தின் தோட்டக்காரன். அவன் யோசனை சொன்னானாம். மலை உச்சியில் வளரும் செடி கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பூ முழுக்கப் பிசினைக் கக்கும், மருந்தெல்லாம் அந்தப் பிசினில்தான் இருக்கிறது, எல்.இ.டி.யில் அந்த வெயில் கிடையாது, பூக்கும் கடைசி வாரங்களில் புற ஊதாக் குழல் விளக்கு இரண்டைக் கூடச் சேர்த்து மாட்டிப் பார் என்று. நானும் மிர்த்தாவும் சமையலறையில் இருந்தபோது வில்மார் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்றேன். "எதுக்குப் பயந்து இவ இத்தனை வருஷமா தொப்பிக்குள்ள குடித்தனம் பண்றாளோ, அதையே வீட்டுக்குள்ள கொண்டாந்து மாட்டப் போறியா?"

"எனக்குத் தெரியாதா நிபியா? அவ மதியம் சாப்பிட்டுத் தூங்குற நேரத்துல மட்டும் எரியும். பெரிய விளக்குக்கு ஒரு டைமர், இதுக்குத் தனியா ஒண்ணு. அவ எந்திரிக்கிறதுக்குள்ள அணைஞ்சிரும்."

"கண்டக்டர் சொல்றார், கேட்டுக்கடி" என்று மிர்த்தா சிரித்தாள். "குண்டா, உன் பஸ் ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருக்கா?"

"டிராஃபிக்குக்கு நான் என்ன பண்ணுவேன் கிழவி? இங்க ஏது டிராஃபிக்?"

சொன்னபடியே செய்தான். தனக்கு மஞ்சள் கண்ணாடி ஒன்று வாங்கினான், குழல் எரியும்போது கதவைப் பூட்டினான். மிர்த்தா உள்ளே போகும் நேரத்தில் அது அணைந்து கிடந்தது. சரி, ஆழம் பார்த்துத்தான் காலை விட்டிருக்கிறான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் சாந்தா ரோசா புயல் வந்தது. அது வராத வருஷமில்லை. அந்தத் தடவை தெருக்கோடிக் கம்பத்தையும் சாய்த்துவிட்டுப் போனது. ராத்திரி நாலைந்து மணி நேரம் மின்சாரம் இல்லை. சுவர் வழியாக வில்மாரின் புலம்பல்தான் எனக்குக் கேட்டது. பூக்கிற செடிக்கு இருட்டு நேரம் தப்பினால் போகமே கெட்டுப்போகும். மின்சாரம் நின்றால் அந்த மாதிரி டைமர் அப்படியே நின்றுவிடும், திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அதனால் விடிந்ததும் முதல் வேலையாகப் பெரிய விளக்கின் டைமரைச் சரி செய்தான். செடிகள் பிழைத்தன என்று என்னிடம் வந்து பெருமையடித்தான். அலமாரிக்குப் பின்னால் இருந்த இரண்டாவது டைமரை மறந்தே போனான். அது அந்த நாலைந்து மணி நேரம் பின்தங்கி ஓடியது. மிர்த்தா தூங்கும் நேரத்தில் எரிய வேண்டியது, அவள் மாத்தே குடிக்கும் நேரத்தில் எரிந்தது. வில்மார் அப்போது போச்சாஸில் இருப்பான். மதியம் கதவைப் பூட்டுவதோடு சரி, உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, தானாக எரிந்து தானாக அணைகிறது என்ற நம்பிக்கை.

அந்த நாட்களில் மிர்த்தா பாடிக்கொண்டிருந்தாள். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று ஒரு நாள் வந்தாள், சாமந்திப்பூத் தண்ணீரில் துடைத்துவிட்டேன். கழுத்தின் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. கேட்டேன். "மாத்தேக்குக் காயவெச்ச வெந்நி கொட்டிருச்சு" என்றாள். வெந்நீர் கழுத்தின் இரண்டு பக்கமும் எப்படிக் கொட்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவள் சந்தோஷமாக இருந்தாள், நான் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மழை வந்து போச்சாஸ் ஆட்டம் கலைந்து, வில்மார் சீக்கிரம் வீடு திரும்பினான். சுவரின் அந்தப் பக்கம் ஒரு அலறல். அவன் குரலென்றே முதலில் தெரியவில்லை. நான் ஓடிப் போனபோது குழல்கள் இரண்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தன. வில்மார் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தி, குழந்தையைத் தூக்குவது மாதிரி வெளியே தூக்கிக்கொண்டு வந்தான். "நான் பார்க்கலையே, நான் பார்க்கலையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே முகம் முழுக்கத் தடித்தது. அடுத்த வாரம் கால் வீங்கியது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. வில்மார் பகல் முழுக்க அவள் கட்டிலருகே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பான். ஒரு மாலை அவனைச் சாப்பிட விரட்டிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

"நிபியா, ஒண்ணு சொல்றேன். திட்டக்கூடாது."

"திட்டாம கேக்க எனக்கு வராதே."

"எனக்குத் தெரியும்டி. மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டேன்.

"அன்னிக்கு ராத்திரி போர்வை பட்டு தோளு எரிஞ்சுது. பீச்சுக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு எரியுமே, அதே எரிச்சல். இத்தனை வருஷம் கழிச்சு. இருட்டுல படுத்துக்கிட்டே சிரிச்சேன்."

"அப்புறம் எதுக்குடி மறுநாளும் போய் உக்காந்த, பாவி?"

"இன்னிக்கு ஒரு நாள்னுதான் போனேன். மறுநாளும் இன்னிக்கு ஒரு நாள்னுதான்."

"வில்மார நெனச்சுப் பார்த்தியா?"

"நெனச்சேன். எந்திரிச்சிரலாம்னு தினமும் நெனச்சேன்." உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "எந்திரிக்கல. நான் போனதுக்கப்புறம் அவன் தன்னையே குத்திக்கிட்டுக் கெடந்தான்னா, இதச் சொல்லிரு. எனக்குச் சொல்ல வாய் வரல."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்டோபரில், ஊரெல்லாம் ஜன்னலைத் திறந்து வைக்கிற பருவத்தில், அவள் செத்துப் போனாள்.

செடிகள் அதற்குள் அறுவடைக்கு வந்திருந்தன. வில்மார் வெட்டிக் காயவைத்தான், எண்ணெயும் காய்ச்சினான். ஏன் செய்தான் என்று கேட்கவில்லை. பிசின் கூடியிருக்கிறது என்றான் ஒல்லி தெச்சேரா. எப்போதும் போலத்தான் இருக்கிறது என்றான் சங்கத்தில் இன்னொருவன். அவள் அதில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்கவில்லை.

அதன்பிறகு வில்மார் போச்சாஸுக்குப் போகவில்லை. காலிச் செடிச் சட்டிகளுக்கு நடுவே, விளக்குப் போடாமல், அந்தக் கடற்கரை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். யார் துக்கம் கேட்க வந்தாலும், "நான்தான் கொன்னேன். ஒரு டைமரைத் திருப்ப மறந்து கொன்னேன்" என்று சொன்னான். கடைக்காரனிடமும் சொன்னான். தபால்காரனிடமும் சொன்னான். இளைத்து, பெல்ட்டுக்குப் புதுத் துளை போட்டுக்கொண்டான். இனியும் தாமதித்தால் இன்னொரு சாவு விழும் என்று பயந்து, ஒரு மாலை போய் அவன் எதிரே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருத்துவமனையில் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தவன் கெண்டியைக் கீழே வைத்தான்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது. உன்மேல தப்பில்ல வில்மார். அவ தெரிஞ்சுதான் உக்காந்தா."

"நீ நல்லவ நிபியா. ஆனா என்னத் தேத்துறதுக்காக அவமேல பழி போடாத." குரல் உயரவேயில்லை. "தலைவலின்னாக்கூட எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் படுப்பா. இதச் சொல்லாம இருப்பாளா? நான் சாயங்காலம் வீட்டுக்கு வருவேன்னு தெரிஞ்சும், எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, என்னோட பேசிக்கிட்டே, மறுநாளும் போய்ச் சாகறதுக்கு உக்காருவாளா? என்ன விட்டுட்டுப் போகணும்னு அவளுக்கு என்ன வந்துச்சு?"

உன்னை விடவில்லை, வெயிலை விட முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? மறந்துபோய் மனைவியைக் கொன்றவனாக வாழ அவனால் முடிகிறது. தெரிந்தே தன்னை விட்டுப் போனவளின் புருஷனாக வாழ அவனால் முடியாது.

"சொல்லு நிபியா. பொய்தானே?"

குடுவையை அவன் இன்னும் கையில் பிடித்திருந்தான். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"ஆமா வில்மார்" என்றேன். "நீ இப்பிடிக் கெடக்கறதப் பார்க்க முடியாமச் சொல்லிட்டேன். பொய்தான்."

"எனக்குத் தெரியும்" என்றான். எத்தனையோ வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "நான்தான், கிழவி, நான்தான்" என்று அழுதான்.