ராஜம்மாள் மேசைக்கடியில் ஒரு ஃபேன்

தேவானந்தத்துக்கு வயிற்றெரிச்சல் பிறவிக் குணம். சபையில் எதிர்வீட்டுக்காரன் வேதம் வாசிக்க எழுந்தால் போதும், அன்றைய பிரசங்கம் இவன் காதில் ஏறாது. மற்றபடி நல்லவன்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவும் ஹெல்ப்பராக எண்பத்தொன்பதில் சேர்ந்தவன், ஏச்சும் பேச்சும் வாங்கி தையல் லைனுக்கே சூப்பர்வைசர் ஆனான். லைன் முழுக்கப் பெண்கள். யார் வீட்டில் காதுகுத்து, எவள் புருஷன் குடிக்கிறான், அத்தனையும் இவனுக்கு அத்துப்படி. தெரியாமல் ஒன்று நடந்தால்தான் பொறுக்காது.

இரண்டாயிரத்து மூன்று கத்திரி வெயிலில் அப்படி ஒன்று நடந்தது.

ராஜம்மாள் இவனோடு அதே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். ஷூவின் மேல்தோலை அவள் தைத்தால் தையல் ஓரம் கோடு போட்டதுபோல இருக்கும். ஜெர்மனிக்குப் போகிற சாம்பிள் ஜோடி என்றால் அவள் மெஷினில்தான் ஏறும். பதினான்கு வருஷமாக வார்த்தைக்கு வார்த்தை ‘அண்ணே அண்ணே’ என்றவள், கொஞ்ச நாளாக இவனைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டாள். மெஷின் மெக்கானிக் வேலு ஸ்பேனரோடு அந்தப் பக்கம் வந்தால் மட்டும் கிசுகிசுவென்று பேசினாள். வேலுவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ‘நேத்து வந்த பையன்கிட்ட இவளுக்கு இன்னா ரகசியம்?’ என்று தேவானந்தம் புழுங்கினான். மதியச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் கீழே விழுந்த ஊசியைத் தேடுகிற சாக்கில் குனிந்து பார்த்தான். ராஜம்மாளின் மேசைக்கடியில் ஒரு சின்ன ஃபேன், முகத்தைப் பார்த்து மேல்நோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய இரும்பில் கிடந்ததை வேலுதான் சரிசெய்து பொருத்தியிருந்தான்.

தையல் லைனில் தாழ்வாக ஃபேன் வைக்கக்கூடாது. காற்று பட்டால் பக்கத்து மேசையில் தோலுக்குத் தடவிய பசை, மடிப்பதற்குள் காய்ந்துவிடும். வேலுவுக்கும் அது தெரியும். அதனால்தான் பசை மேசைப் பக்கம் ஒரு அட்டையை நிறுத்தி மறைத்திருந்தான். தேவானந்தம் அட்டையையும் பார்த்தான். பார்த்தும் ஒயரைப் பிடுங்கினான்.

“காத்து அந்தப் பக்கமே போகாதுண்ணே,” என்றான் வேலு.

“ரூலுன்னா ரூலுதான். இது என் லைனு.”

ராஜம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தைத்தாள். தேவானந்தத்துக்கு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் சரி என்பார்களே, அந்தக் கதைதான். மறுநாள் சாம்பிளுக்கு வந்தது வெளிர்மஞ்சள் நுபக் தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறை போகாது. ராஜம்மாளின் நெற்றியிலிருந்து வேர்வை குப்பென்று வழிந்து சொட்டியது. ஜோடி பாழ். வாங்குகிறவர்கள் வருகிற வாரத்தில் இப்படி ஆனதும் மேனேஜர் பஞ்சாட்சரம் கத்திவிட்டுப் போனார். திங்கட்கிழமையிலிருந்து ராஜம்மாள் நூல் வெட்டுகிற மேசைக்குப் போகவேண்டும். நேற்று சேர்ந்த பெண்கள் நின்றுகொண்டு பிசிறு வெட்டுகிற இடம் அது. கிரேடும் இறங்கும், சம்பளமும் இறங்கும். அவள் மெஷினின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தேவானந்தம் வேலுவை டீக்கடையில் பிடித்தான். “உண்மையச் சொல்லு. அவளுக்கு இன்னா?”

“எங்க அக்காவுக்கும் இப்படித்தாண்ணே இருந்துது. மாசாமாசம் வர்ற தூரம் நிக்கிற வயசு. சும்மா உக்காந்து இருக்கும்போதே நெருப்பு வெச்ச மாதிரி உடம்பு ஏறுமாம், வேர்த்துக் கொட்டுமாம். ராத்திரி தூக்கமும் கம்மி. நோவு இல்ல, கொஞ்ச வருஷத்துல அடங்கிடும். அதுவரிக்கும் கொஞ்சம் காத்து வேணும், அவ்ளோதான்.”

அட, இதுவா விஷயம் என்று இரக்கப்பட்டிருக்க வேண்டியவன். இவனுக்கு அப்போதும் ஒரே எரிச்சல்தான். இதை அவள் வேலுவிடம் சொல்லியிருக்கிறாள், தன்னிடம் சொல்லவில்லை. நேராக அவள் முன்னால் போய் நின்றான்.

“இத்தினி வருஷப் பழக்கம். என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா ராஜம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உன்கிட்டதாண்ணே மொதல்ல சொன்னேன், தை மாசம். உடம்பு எரியுதுண்ணே, ஜன்னல் பக்கம் மாத்தி உடுன்னு கேட்டேன். ‘கெழவி ஆயிட்ட போல’ன்னு லைனே கேக்க சிரிச்ச. எல்லாரும் சிரிச்சாங்கோ. வேலு சிரிக்கல.”

தேவானந்தத்துக்கு அந்தத் தை மாதம் ஞாபகமே இல்லை. அவளுக்கு மறக்கவில்லை. அவன் காது மடல் சுட்டது.

அன்று சாயங்காலம் மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஃபேனைப் பிடுங்கியது தான் என்பதையும், ஏன் வேர்க்கிறது என்பதையும் திக்கித் திணறிச் சொன்னான். மேனேஜர் நெளிந்தார். “இதெல்லாம் ஆம்பளைங்க பேசுற விஷயமாய்யா?”

“பேசாம இருந்ததுலதான் சார் ஒரு ஜோடி போச்சு. இன்னும் எத்தினி பேர் சொல்லாம தைக்கிறாங்களோ.”

“சரி, அந்தம்மா மெஷின்லயே இருக்கட்டும். ஆனா அவங்களுக்கு மட்டும் ஃபேன் வெச்சா ஊரே ஏன்னு கேக்கும்.”

“தையல் மேசை மொத்தத்துக்கும் வெப்போம் சார், அட்டையோட. வெயிலுக்குன்னு சொல்லிக்கலாம்.”

திங்கட்கிழமை ஒவ்வொரு மேசையடியிலும் ஃபேன் சுற்றியது. டீ நேரத்தில் ராஜம்மாள் ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவோடு எழுந்தாள். தேவானந்தம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அவள் அவனைத் தாண்டிப்போய் வேலுவின் கையில் டப்பாவை வைத்தாள்.

“நீ மேனேஜருகிட்ட பேசலன்னா நான் இன்னிக்கு நூல் வெட்டினு நின்னிருப்பேன், தம்பி. நல்லா இருப்பே.”

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் வேலுவைப் பார்த்தார்கள். “மேனேஜருகிட்டயா? நான் எப்ப...” என்று இழுத்தவன் தேவானந்தத்தைத் திரும்பிப் பார்த்தான்.

பேசினது நான்தான் என்ற வார்த்தை தேவானந்தத்தின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் உடனே இன்னா பேசினே, எதுக்குப் பேசினே என்று லைன் மொத்தமும் கேட்கும். எல்லோர் காதிலும் விழ மறுபடி அவளுடைய உடம்பைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். சொல்லாவிட்டால் பெயர் முழுக்க இந்தப் பயலுக்கு. பாவி மனசு இரண்டுக்கும் நடுவில் கிடந்து துடித்தது.

“வாங்கிக்கடா,” என்றான் தேவானந்தம். “அவ்ளோ ஆசையா குடுக்குது இல்ல.”

“நீயும் ஒண்ணு எடுத்துக்கண்ணே,” என்றாள் ராஜம்மாள், வேலுவின் கையிலிருந்த டப்பாவைக் காட்டி.

அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது. மென்று விழுங்கிவிட்டு லைன் பெல்லை அடிக்கப் போனான்.